குற்றத்திற்கு விலை குறிக்கும் சட்டங்கள்

(சுற்றுச்சூழலும் தொழிலாளர் பாதுகாப்பும் குறித்த கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்சி ஆவணங்களையும் நாடாளுமன்றத்திற்கு வரும் சட்ட முன்வரைவுகளையும் தமிழாக்கித் தருவது எனக்கு இடப்பட்டுள்ள பணி. அப்பணியில் பல ஆண்டுகளாக என்னை இடறி வரும் ஒரு சொல்லிலிருந்து இன்றைய உரையைத் தொடங்குகிறேன். ‘பொறுப்பு’ என்பதே அச்சொல்.

ஆங்கிலச் சட்ட மொழியில் ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ என்று ஒரு சொல் உண்டு. ‘லயபிலிட்டி’ என்று மற்றொரு சொல்லும் உண்டு. இரண்டையும் நாம் பொறுப்பு என்றே எழுதிப் பழகிவிட்டோம். முன்னது ஒருவர் தாமாக உணர்ந்து செய்வது. செய்தால் பாராட்டு, செய்யாவிட்டால் கேட்பார் இல்லை. பின்னது செய்தே தீர வேண்டியது. செய்யத் தவறியவரை நீதிமன்றத்தில் நிறுத்தலாம், சொத்தைப் பற்றுகை செய்யலாம், சிறைக்கும் அனுப்பலாம். இவ்விரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தால் படிப்பவர் ஏமாந்து போவார். ஆகவே முன்னதைப் ‘பொறுப்புணர்வு’ என்றும், பின்னதைக் ‘கடப்பாடு’ என்றும் பிரித்து எழுதத் தொடங்கினேன். கடப்பாடு என்பது கடன் என்னும் சொல்லுக்கு உறவானது. கடனைத் தீர்த்தாக வேண்டும் என்பதை நம் மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறு பிரித்து எழுதியபோதுதான் ஒரு போக்கு தெளிவாகத் தெரிந்தது. கடந்த நாற்பது ஆண்டுகளில் நம் நாட்டில் பெருநிறுவனங்களின் பொறுப்புணர்வைப் பேசும் சட்டங்களும் வழிகாட்டுதல்களும் பெருகியிருக்கின்றன. அதே காலத்தில் அவற்றின் கடப்பாட்டை வலியுறுத்தும் சட்டங்கள் மெலிந்து வந்திருக்கின்றன. ஒன்று வளர்வதும் மற்றது தேய்வதும் தற்செயலா? இல்லை என்பதே என் கருத்து. அதை விளக்க, நாம் போபாலுக்குச் செல்ல வேண்டும்.

போபால்: அந்த இரவுக்கு முந்தைய கணக்கு

1984 டிசம்பர் 2 நள்ளிரவு கடந்து 3 பிறந்த வேளையில், போபால் நகரிலுள்ள யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் 610 என்னும் எண் கொண்ட கொள்கலனிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் நச்சு வாயுவாக வெளியேறியது. ஆலையைச் சுற்றியிருந்த குடிசைப் பகுதிகளில் உறங்கிக் கொண்டிருந்த மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, எந்தத் திசையில் ஓடுவது என்று அறியாமல் காற்று வீசிய திசையிலேயே ஓடி மடிந்தனர். இதை நாம் அனைவரும் அறிவோம். ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஆயின் அன்றைய உரையில் நாம் பெரும்பாலும் பேசாமல் விடுவது, அந்த இரவுக்கு முந்தைய கணக்குகளை.

மெத்தில் ஐசோசயனேட் நீருடன் கலந்தால் கொதித்தெழும். வெப்பம் கூடக் கூட வினை விரைவுபடும். ஆகவே அதை எப்போதும் குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டும். அதற்கென இருந்த குளிரூட்டும் அமைப்பு அவ்வாண்டு ஜூன் மாதமே நிறுத்தப்பட்டது. கசியும் வாயுவை எரிசோடாக் கரைசலால் கழுவி நஞ்சு நீக்கும் அமைப்பு ஒன்று இருந்தது. அது இயங்கு நிலையில் இல்லை. அதையும் மீறி வரும் வாயுவை உயரத்தில் எரித்துவிடும் கோபுரம் ஒன்று இருந்தது. அரித்துப்போன குழாயை மாற்றுவதற்காக அதன் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரிவில் ஒவ்வொரு முறைப்பணியிலும் இருந்த தொழிலாளர் எண்ணிக்கை ஏற்கெனவே பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. பூச்சிக்கொல்லி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆலை நட்டத்தில் ஓடியது. ஆகவே செலவைக் குறைத்தார்கள். எங்கே குறைத்தார்கள்? உயிர் காக்கும் அமைப்புகளில் குறைத்தார்கள்.

தெரியாமல் நடந்ததா? 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். தொழிற்சங்கங்கள் குரல் எழுப்பின. 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த கார்பைடு நிறுவனத்தின் சொந்த ஆய்வுக் குழுவே பாதுகாப்புக் குறைபாடுகளைப் பட்டியலிட்டுத் தந்தது. போபாலின் இதழாளர் ராஜ்குமார் கேஸ்வானி அவ்வாண்டு முதலே நகரம் எரிமலையின் வாயில் அமர்ந்திருக்கிறது என்ற பொருள்பட எழுதி எச்சரித்தார். எச்சரிக்கை, ஆய்வறிக்கை, முன்மாதிரியாக ஒரு மரணம் ஆகிய எல்லாமே முன்னால் இருந்தன. ஒவ்வொன்றும் செலவுக் கணக்கில் தோற்றது.

எங்கெல்ஸ் 1845-இல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை குறித்து எழுதிய நூலில் ‘சமூகக் கொலை’ என்னும் கருத்தை முன்வைத்தார். மனிதர்கள் காலத்திற்கு முன் சாவார்கள் என்று தெரிந்தே அத்தகைய நிலைமைகளில் அவர்களை வைத்திருப்பதும் கொலையே. கொலையாளியின் கை கண்ணுக்குத் தெரியாததால் அது கொலையன்று என ஆகிவிடாது என்பது அவரது வாதம். போபாலைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான கருத்து வேறில்லை.

பிணங்களின் மீது எழுந்த சட்டங்கள்

போபாலுக்குப் பிறகு மக்களின் சினம் ஆட்சியாளர்களைச் சும்மா இருக்கவிடவில்லை. ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று, தில்லியில் ஸ்ரீராம் உர ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. தலைநகரின் நடுவிலேயே மற்றொரு போபாலா என்ற அச்சம் பரவியது. இந்த இரு நிகழ்வுகளின் அழுத்தத்தில் மூன்று முக்கியமான மாற்றங்கள் வந்தன. அவற்றை நாம் நன்றாக அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் இன்று பறிக்கப்படுபவை அவையே.

முதலாவது, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம். இச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சட்டத்தை மீறுவோருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. தண்டிக்கப்பட்ட பின்னும் ஓராண்டுக்கு மேல் மீறல் தொடர்ந்தால் சிறைக்காலம் ஏழு ஆண்டுகள் வரை நீளும். 19-ஆம் பிரிவு இன்னொரு வாயிலையும் திறந்தது. அரசு வழக்குத் தொடுக்காவிட்டாலும், எந்தக் குடிமகனும் அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தாமே நீதிமன்றத்தில் குற்ற முறையீடு செய்யலாம்.

இரண்டாவது, ஓலியம் வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு ‘முழுமையான கடப்பாடு’ என்னும் கோட்பாட்டை வகுத்தது. 1868-இல் ஆங்கிலேய நீதிமன்றம் வகுத்த பழைய விதியில் பல தப்பிக்கும் வழிகள் இருந்தன: இயற்கைச் சீற்றம், வெளியாள் செய்த வேலை என்பன போன்றவை. அவை எதுவும் இங்கே செல்லாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆபத்தான தொழிலை நடத்தி இலாபம் ஈட்டுபவர், அத்தொழிலால் விளையும் கேட்டுக்கு முழுக் கடப்பாடு உடையவர். கவனமாகத்தான் இருந்தேன் என்று அவர் சொல்ல முடியாது. நிறுவனம் எவ்வளவு பெரியதோ, அவ்வளவுக்கு இழப்பீடும் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் அது கூறியது.

மூன்றாவது, தொழிற்சாலைகள் சட்டத்திற்கு 1987-இல் வந்த திருத்தம். ஆபத்தான உற்பத்தி முறைகளுக்கெனத் தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. ஆலையில் என்ன நஞ்சு கையாளப்படுகிறது என்பதைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளருக்குச் சம பங்கு வேண்டும். உடனடி ஆபத்து உண்டென்று கண்டால் அதை எழுப்பும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என அது வரையறுத்தது.

இம்மூன்றும் முதலாளிகளின் நல்லெண்ணத்தால் வந்தவையல்ல. பத்து மணி நேர வேலைச் சட்டம் இங்கிலாந்தில் எப்படி வந்தது என்பதை ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விரித்துரைக்கிறார். ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளை அவர் எவ்வளவு மதிப்புடன் பயன்படுத்தினார் என்பதும் நமக்குத் தெரியும். வர்க்கப் போராட்டத்தின் வலிமையே சட்டத்தின் வரிகளாக உறைகிறது. அந்த வலிமை குறையும்போது வரிகளும் உருகத் தொடங்கும்.

கடப்பாடு பேரமான வரலாறு

சட்டம் வந்தது, நீதி வந்ததா? 1985-இல் ஒரு தனிச் சட்டத்தின் மூலம் போபால் மக்கள் அனைவரின் சார்பிலும் வழக்காடும் உரிமையை ஒன்றிய அரசு தானே எடுத்துக் கொண்டது. அமெரிக்க நீதிமன்றத்தில் 330 கோடி டாலர் கோரியது. வழக்கை இந்தியாவிலேயே நடத்திக்கொள்ளுங்கள் என்று 1986-இல் அந்நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 1989 பிப்ரவரியில், பாதிக்கப்பட்ட மக்களைக் கேளாமலே, 47 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டது. கோரியதில் ஏழில் ஒரு பங்கு! அதனுடன் குற்ற வழக்குகளும் கைவிடப்பட்டன. இந்தச் செய்தி வந்ததும் நியூயார்க் பங்குச் சந்தையில் கார்பைடு பங்கின் விலை உயர்ந்தது. சந்தை ஒருபோதும் பொய் சொல்வதில்லை, தோழர்களே. யார் தப்பினார்கள் என்பது அதற்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்த உடன்பாடு, இறந்தோர் சுமார் 3,000 பேர் என்ற கணக்கில் அமைந்தது. பின்னர் அரசின் இழப்பீட்டு மன்றங்களே 5,295 மரணங்களை ஏற்றன. மொத்தத்தில் 5,70,000-க்கும் மேற்பட்டோருக்கு அந்த ஒரே தொகையைப் பங்கிட வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுதும் நுரையீரல் கெட்டு வாழும் பெரும்பாலானோருக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். கார்பைடு நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7 அன்று போபாலில் கைது செய்யப்பட்டு அன்றே பிணையில் விடுவிக்கப்பட்டாரே, அந்தப் பிணைத் தொகையும் 25,000 ரூபாய்தான். அவர் மீண்டும் இந்திய நீதிமன்றத்தின் முன் வரவேயில்லை. 2014-இல் அமெரிக்காவில் காலமானார்.

மக்களின் போராட்டத்தால் 1991-இல் குற்ற வழக்குகள் மீட்கப்பட்டன. ஆயின் 1996-இல் குற்றச்சாட்டு, கவனக்குறைவால் விளைந்த மரணம் என்ற பிரிவுக்குக் குறைக்கப்பட்டது. சாலை விபத்துகளில் பயன்படும் அதே பிரிவு! 2010 ஜூன் 7 அன்று இந்திய அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டுச் சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அன்றே அவர்களுக்குப் பிணையும் கிடைத்தது. கூடுதல் இழப்பீடு கோரிய சீராய்வு மனு 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்யப்பட்டது. ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, நாற்பது ஆண்டுகள் கழித்து 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டு, பின்னர் எரிக்கப்பட்டது. அதற்கும் பீதம்பூர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆலையைச் சுற்றிய நிலத்திலும் நிலத்தடி நீரிலும் ஊறிய நஞ்சு இன்னும் அங்கேயே இருக்கிறது.

நன்னெறி என்னும் புதிய மொழி

இந்த இடத்தில்தான் இரண்டாவது வகைச் சட்டங்கள் நுழைகின்றன. உலகெங்கும் பெருநிறுவனங்கள் மீது மக்களின் வெறுப்பு மூண்டபோது, மூலதனம் ஒரு புதிய மொழியைக் கற்றுக்கொண்டது. நன்னெறி, நிலைத்தன்மை, பங்குரிமையாளர் அல்லாதார் நலன் என்பன அம்மொழியின் சொற்கள். 2011-இல் தொழில்களுக்கான தன்னார்வ வழிகாட்டுதல்களை ஒன்றிய அரசு வெளியிட்டது. 2013-இல் நிறுவனங்கள் சட்டம் வந்தது. 2019-இல் பொறுப்பான வணிக நடத்தைக்கான தேசிய வழிகாட்டுதல்கள் ஒன்பது கொள்கைகளுடன் வந்தன. பங்குச் சந்தையில் முன்னணியிலுள்ள ஆயிரம் நிறுவனங்கள் தம் சமூக, சுற்றுச்சூழல் செயல்பாடுகள் குறித்து ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது.

இவற்றுள் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளைக் கவனியுங்கள். 166-ஆம் பிரிவு, இயக்குநர்கள் நிறுவனத்தின் நலனுக்காக மட்டுமின்றித் தொழிலாளர், சமுதாயம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றின் நலனுக்காகவும் செயல்பட வேண்டும் என்கிறது. படிக்க அழகான வரி. ஆனால் நிறுவனத்திற்கு எதிராகக் கூட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையை 245-ஆம் பிரிவு யாருக்குத் தருகிறது? பங்குதாரருக்கும் வைப்பீட்டாளருக்கும். நஞ்சைக் குடிக்கும் ஊராருக்கு அங்கே இடமில்லை. கடமையை ஊருக்குச் செய்ய வேண்டுமாம். கணக்கைப் பங்குதாரரிடம் காட்டினால் போதுமாம்.

மற்றது 135-ஆம் பிரிவு. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர இலாபமோ உடைய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்குக் கழிப்பறை கட்டுகிறார்கள், குளம் தூர்வாருகிறார்கள், வேண்டாம் என்று நாம் சொல்லப் போவதில்லை. ஆயின் அந்த 2 விழுக்காடு எங்கிருந்து கணக்கிடப்படுகிறது? இலாபம் கைக்கு வந்த பிறகு. சுற்றுச்சூழல் சீர்கேடு எங்கே நிகழ்கிறது? இலாபம் உருவாகும் இடத்தில், உற்பத்தியின் உள்ளே. கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் விட்டு மிச்சப்படுத்திய பணமும் இலாபத்தில் சேரும். அதில் 2 விழுக்காட்டை அதே ஊரில் செலவிட்டுப் பெயர்ப்பலகையும் வைத்துக் கொள்ளலாம். உற்பத்தி எப்படி நடக்கிறது என்ற கேள்வியை இப்பிரிவு தொடுவதேயில்லை.

இந்தச் செலவைச் செய்யத் தவறினால் மூன்று ஆண்டு வரை சிறை என்று 2019-இல் ஒரு திருத்தம் நிறைவேறியது. தொழிலதிபர்கள் கூக்குரலிட்டார்கள். அது நடைமுறைக்கு வரும் முன்பே, 2020 திருத்தத்தில் சிறை நீக்கப்பட்டுத் தண்டத் தொகையாயிற்று. இதுவே அடுத்து வரப்போவதற்கு ஒத்திகை.

ஜன் விஸ்வாஸ்: யார் மீது நம்பிக்கை?

2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்தது. 42 சட்டங்களில் 183 விதிகளை ஒரே வீச்சில் திருத்திய சட்டம் அது. ‘மக்கள் நம்பிக்கை’ என்பதே அப்பெயரின் பொருள். தொழில் செய்வதை எளிதாக்குவதே அதன் நோக்கம் என்று அரசே கூறுகிறது. அந்த 42 சட்டங்களுள் போபாலின் பிள்ளையான 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்று.

2024 ஏப்ரல் 1 முதல் 15-ஆம் பிரிவில் சிறைத் தண்டனை இல்லை. அதன் இடத்தில் 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரை தண்டத் தொகை. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கூடுதல். தண்டத்தை விதிப்பவர் நீதிபதி அல்லர். இணைச் செயலர் அல்லது மாநிலச் செயலர் நிலையிலுள்ள அரசு அதிகாரி. சிறை முற்றிலும் மறைந்துவிட்டதா? இல்லை, ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. விதித்த தண்டத்தைக் கட்டாவிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நஞ்சைக் கலந்ததற்குச் சிறையில்லை. கலந்ததற்கான பணத்தைக் கட்டாததற்குச் சிறை! காற்று மாசுச் சட்டத்திலும் இதே மாற்றம். 2024-இல் நீர் மாசுச் சட்டத்திற்கும் இதே வழியில் திருத்தம் வந்தது.

இரண்டு தொகைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 5 கோடி நிகர இலாபம் ஈட்டும் நிறுவனம் 135-ஆம் பிரிவின்படி ஓராண்டில் செய்ய வேண்டிய ‘நற்பணி’ 10 இலட்சம் ரூபாய். நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் ஓர் ஆற்றையே கெடுத்தாலும் 15-ஆம் பிரிவின்படி ஒரு மீறலுக்குரிய தண்டத்தின் உச்சம் 15 இலட்சம் ரூபாய். ஓலியம் தீர்ப்பு, நிறுவனத்தின் அளவுக்கேற்ப இழப்பீடு பெருக வேண்டும் என்றது. புதிய சட்டமோ ஆனைக்கும் பூனைக்கும் ஒரே வரம்பைக் கட்டியிருக்கிறது.

ஒரு தோழர் என்னிடம் நியாயமான கேள்வி ஒன்றை எழுப்பினார். “பழைய சட்டத்தில் சிறை என்று எழுதியிருந்தது உண்மை, எத்தனை முதலாளிகள் உள்ளே போனார்கள்? ஓர் இலட்சம் என்பது 15 இலட்சமானது முன்னேற்றம்தானே? பசுமைத் தீர்ப்பாயம் தனியே இழப்பீடு விதிக்கலாமே?” இதை நாம் எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. பழைய தண்டனை பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. ஓர் இலட்சம் என்ற வரம்பு நகைப்புக்குரியதாகிவிட்டது. பசுமைத் தீர்ப்பாயத்தின் அதிகாரமும் இன்றளவும் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம்.

ஆனாலும் ஒரு செயலைக் குற்றம் என்று சட்டம் அழைப்பதற்கும், செலவு என்று அழைப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகப் பெரியது. குற்றமென்றால் புலனாய்வு வேண்டும். கணக்கேடுகளைக் கைப்பற்ற வேண்டும். முடிவெடுத்த மனிதர் யார் என்று தேட வேண்டும். வெளிப்படையான நீதிமன்றத்தில் அவர் பதில் சொல்ல வேண்டும். தண்டத் தொகைக்கு இவை வேண்டா. அது நிறுவனத்தின் கணக்கிலிருந்து போகும். முடிவெடுத்தவரின் உறக்கம் கெடாது. அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு வரியை ஒதுக்கவும் செய்யலாம். குளிரூட்டும் அமைப்பை இயக்கும் செலவு ஒருபுறம், தண்டத் தொகை மறுபுறம் என்று தராசில் வைத்துப் பார்க்கும் அதே கணக்குதான் போபாலில் நடந்தது. அன்று அந்தக் கணக்கு மறைவில் நடந்தது. இன்று சட்டமே விலைப்பட்டியலை அச்சிட்டுக் கையில் கொடுக்கிறது.

பயன்படாத சட்டத்தைப் பயன்படச் செய்யுமாறு கோருவதே மக்களின் பணி. பயன்படவில்லை என்று காட்டி அதையே நீக்குவது ஆளும் வர்க்கத்தின் பணி.

செலுத்தினால் போதும் என்னும் நெறி

இதே போக்கை இன்னொரு கோட்பாட்டிலும் காணலாம். ஒருங்கிணைந்த வடஆர்க்காடு மாவட்டத்தின் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றையும் விளைநிலங்களையும் கெடுத்தது பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும்’ என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் மாசுபடுத்தியவரையே சேரும் என்பது அதன் பொருள். நம் மண்ணின் உழவர்களும் குடிமக்களும் துயரப்பட்டுப் பெற்றது, நாடு முழுவதற்கும் நெறியாயிற்று.

இன்று அந்நெறி தலைகீழாகிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, முன் அனுமதி பெற்ற பின்பே கட்டுமானம் தொடங்க வேண்டும் என்கிறது. அனுமதியின்றிக் கட்டிவிட்டுப் பின்னர் தண்டம் கட்டி அனுமதி பெறும் வழியை 2017 அறிவிக்கையும் 2021 அலுவலகக் குறிப்பாணையும் திறந்தன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. ஆறு மாதம் கழித்து, நவம்பரில், மூன்று நீதிபதிகளுள் இருவர் என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. மாசுபடுத்தியவர் செலுத்த வேண்டும் என்பது, செலுத்துபவர் மாசுபடுத்தலாம் என்று உருமாறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அனுமதி என்பது வெறும் தாள் அன்று. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினம் அருகே எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் இறந்தனர். ஊரை எழுப்ப வேண்டிய அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. தன் உற்பத்தி அளவுக்குரிய சுற்றுச்சூழல் அனுமதி தன்னிடம் இல்லை என்று அந்நிறுவனமே 2019 மே மாதம் அரசு ஆணையத்திடம் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருந்தது. ஓராண்டுக் காலம் அந்தத் தாள் கோப்பில் இருந்தது, ஆலை ஓடியது.

தொழிலாளியும் ஊராரும்

ஆலைகளை மூடினால் வேலை போகுமே என்ற கேள்வி நம் தொழிற்சங்கத் தோழர்களிடம் எப்போதும் எழும். எழ வேண்டும். முதலாளி இரண்டு அச்சங்களை மோதவிட்டு வாழ்கிறார்: ஆலைக்குள் வேலை அச்சம், ஆலைக்கு வெளியே உயிர் அச்சம். போபாலில் முதலில் இறந்தவர் ஊரார் அல்லர். 1981-இல் பாஸ்ஜீனுக்குப் பலியான தொழிலாளி. உள்ளே கசியும் நஞ்சை முதலில் முகர்பவர் தொழிலாளியே. ஊருக்கான எச்சரிக்கை மணி தொழிற்சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

அந்த மணியின் கயிற்றையும் இப்போது அறுக்கிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கான தொழிலாளர் எண்ணிக்கை வரம்பை, மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10-லிருந்து 20 ஆகவும், பயன்படுத்தாத இடத்தில் 20-லிருந்து 40 ஆகவும் உயர்த்தியது. ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றங்களையும், உச்ச அபராதத்தில் முக்கால் பங்கைக் கட்டி முடித்துக்கொள்ள வழி செய்தது. ஆய்வாளர் என்ற பதவியின் பெயரையே மாற்றி, ‘ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்’ என்று ஆக்கியது. இந்தத் தொடரைத் தமிழாக்கியபோது என் எழுதுகோல் நின்றது. மார்க்ஸ் போற்றிய ஆலை ஆய்வாளர் யாருக்கு வசதி செய்து கொடுத்தார்?

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொதுத்துறை ஆலை என்பதால் அதன் புகைக்கும் சாம்பலுக்கும் நாம் விலக்கு அளிக்க முடியாது. மண்ணையும் உழைப்பாளியையும் ஒருசேர உறிஞ்சித்தான் முதலாளித்துவ உற்பத்தி வளர்கிறது என்று மார்க்ஸ் காட்டினார். இரண்டையும் ஒருசேரக் காப்பதே நம் மாற்று. பொதுவுடைமை என்று பெயரிட்டு அந்தக் கடமையிலிருந்து நாம் விலகிக்கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியவை

தோழர்களே, சுருக்கமாக நான்கு பணிகளைக் கூறி முடிக்கிறேன்.

ஒன்று: சுற்றுச்சூழல் சட்டங்களில் குற்றப் பொறுப்பை மீட்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கூலி, வேலைக் கோரிக்கைகளோடு சேர்த்து ஒவ்வொரு தொழிற்சங்க மாநாட்டிலும் முன்வைப்போம். முடிவெடுத்த இயக்குநரும், கடல் கடந்து அமர்ந்திருக்கும் தாய் நிறுவனமும் கடப்பாட்டிலிருந்து தப்பாத சட்டம் வேண்டும்.

இரண்டு: நம் சங்கங்கள் உள்ள ஆலைகளில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா, அதில் தொழிலாளர் பிரதிநிதி இருக்கிறாரா, கூட்டக் குறிப்பேடு உண்டா என்று இந்த மாதமே பாருங்கள். ஆலையில் கையாளப்படும் வேதிப்பொருட்களின் பட்டியலைச் சங்கமும் அருகிலுள்ள ஊராரும் வைத்திருக்க வேண்டும்.

மூன்று: பெருநிறுவனங்கள் செபிக்குத் தரும் அறிக்கைகள் யாரும் படிக்காத வரையில்தான் விளம்பரம். அவற்றில் சொன்னதையும் ஆற்றில் ஓடுவதையும் ஒப்பிட்டு ஊர்க்கூட்டங்களில் படித்துக் காட்டினால் அவையே சான்றுகள்.

நான்கு: மொழி. கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு மக்கள் மொழியில் தரப்படுவது மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. பல நூறு பக்க அறிக்கை ஆங்கிலத்தில் கிடக்கிறது. 2020-இல் புதிய வரைவு அறிவிக்கையை எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மக்களுக்குப் புரிந்துவிடும் என்ற அச்சத்தைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஆகவே மொழிபெயர்ப்பும் களப்பணியே. இதில் உதவ இளந்தோழர்கள் முன்வர வேண்டும்.

போபாலில் அப்துல் ஜப்பார் என்றொருவர் இருந்தார். நச்சு வாயு அவருடைய தந்தை, தாய், தமையன் ஆகியோரைக் குடித்தது. அவருடைய நுரையீரலையும் கண் பார்வையையும் பாதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களைத் திரட்டி அவர் அமைத்த சங்கம், நகரப் பூங்கா ஒன்றில் சனிக்கிழமைதோறும் கூடியது. அரசுகள் மாறின, நீதிபதிகள் ஓய்வு பெற்றனர், கார்பைடு நிறுவனம் 2001-இல் டௌ கெமிக்கல் கைக்கு மாறியது, அந்தச் சனிக்கிழமைக் கூட்டம் பல பத்தாண்டுகள் நின்றதில்லை. 1991-இல் குற்ற வழக்கு மீண்டது என்றேனே, அத்தகைய மக்களின் விடாப்பிடியால்தான் மீண்டது. 2019 நவம்பரில் அவர் மறைந்தார். அவரும் அப்பெண்களும் பல பத்தாண்டுகளாகக் கேட்டது யாருடைய பொறுப்புணர்வையும் அன்று. கடனைக் கேட்டார்கள். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. அதை வசூலிக்கும் பணி நம்முடையது.